கண்ணை மட்டும் விட்டுவிடுங்கள்

போன மாதம் எங்கள் பள்ளியில் படித்தவர்கள் சிலர் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோம். எல்லாரும் எழுபதைத் தாண்டியவர்கள். சாப்பாடு முடிந்ததும், நம் வயதுக்காரர்களிடையே எப்போதும் நடப்பதுபோல, பேச்சு வாங்கிய அடிகளின் பக்கம் போனது. யாரிடம் எதற்காக அடி வாங்கினோம் என்று ஆளாளுக்குச் சொல்லிச் சிரித்தோம். ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், "அந்த அடிதான்யா நம்மள ஆளாக்குச்சு" என்றார். நானும் தலையை ஆட்டிச் சிரித்தேன். பஸ்ஸில் திரும்பும்போதுதான் அந்தச் சிரிப்பு வாயில் கசந்தது. அந்தக் கூட்டத்தில் நான் அடி வாங்கியவன் இல்லை. அடித்தவன். அங்கே அதைச் சொல்ல வாய் வரவில்லை. இங்கே எழுதுகிறேன்.

மூக்கைப் பிடித்து அறைவது அந்தக் காலத்தில் படித்த உங்களுக்கு மறந்திருக்காது. வாசிக்கச் சொல்வார் வாத்தியார். தடுமாறியவன் நிற்க வேண்டும். அடுத்தவனும் தடுமாறினால் அவனும் நிற்க வேண்டும். யார் தங்குதடையில்லாமல் வாசிக்கிறானோ அவன் எழுந்துபோய், நிற்கிற ஒவ்வொருவனின் மூக்கையும் இடது கையால் பிடித்துக்கொண்டு வலது கையால் கன்னத்தில் அறைய வேண்டும். முகம் விலகாமல் இருப்பதற்காகத்தான் மூக்கைப் பிடிப்பது. வாத்தியாருக்குக் கை வலிக்காது. நன்றாகப் படிக்கிறவனுக்குப் பரிசு கொடுத்தது போலவும் ஆகும்.

எங்கள் வகுப்பில் தங்குதடையில்லாமல் வாசிப்பவன் நான். நிற்பவர்களில் ஒருவன் என் அண்ணன்.

அண்ணன் என்னைவிட இரண்டு வயது மூத்தவன். இரண்டு வருடம் தேறாமல் போனதால் ஆறாம் வகுப்பில் நான் வந்து அவனைப் பிடித்துவிட்டேன். ஒரே பெஞ்சு. ஒரே மைக்கூடு. அப்பா வேடசந்தூரில் ஒரு தொடக்கப் பள்ளியில் ஆசிரியர். தினமும் காலை பஸ்ஸில் போய் மாலை பஸ்ஸில் வருவார். எங்களைச் சேர்க்க வந்த அன்று, அண்ணனின் பிடரியைப் பிடித்து வாத்தியாரின் முன் தள்ளி, "கண்ணு ரெண்ட மட்டும் விட்டுருங்க சார். மத்த தோலையெல்லாம் உரிச்சுருங்க. ஏன்னு ஒரு வார்த்த கேக்க மாட்டேன்" என்றார். அக்காலத்தில் எல்லா அப்பாக்களும் சொன்னதுதான். வாத்தியாரிடம் காட்டும் மரியாதை என்றே அதை நினைத்தார்கள்.

அண்ணன் புத்தகத்தைப் பார்க்கும்போது அவன் முகம் மாறும். எழுத்துகள் அவனுக்கு நின்ற இடத்தில் நிற்கவில்லை என்பதை இன்றைக்குச் சொல்ல முடிகிறது. அன்று எனக்குத் தெரிந்தது அவன் மேலுதட்டில் பூக்கும் வேர்வை மட்டும்தான். வாசிப்பு எங்கள் பெஞ்சை நெருங்க நெருங்க அவன் எதையாவது செய்வான். முன்னால் இருப்பவன் சட்டையில் மையைக் கொட்டுவான். இல்லையென்றால் பக்கத்தில் இருப்பவன் தொடையில் பேனா முள்ளைக் குத்துவான். வாத்தியார் அவனை வெளியே இழுத்து உள்ளங்கையில் புளிய விளாறால் விளாசி, பங்குனி வெயிலில் முட்டிபோட வைப்பார். ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். தோல் பதனிடும் ஷாப்புகளின் நாற்றம் காற்றில் வரும். அவன் வெந்த மண்ணில் முட்டிபோட்டுக்கொண்டு, ஏதோ தப்பித்தவன்போல நிம்மதியாக வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஒருநாள் கேட்டேன். "ஏண்ணே வேணுமின்னே அடி வாங்குற?"

"விளாறுல வாங்குனா ரவுடிம்பானுக" என்றான். "உங்கிட்ட வாங்குனா மக்கும்பானுக. எது நல்லாருக்கு, நீயே சொல்லு."

தமிழ்ப் புத்தகத்தை ஒருநாள் கிணற்றில் போட்டுவிட்டான். புத்தகம் கொண்டுவராத குற்றத்துக்கும் விளாறுதான். அப்பா வேறு வாங்கிவந்தார். அதையும் போட்டான். அன்று மாலை அப்பா அவனைப் பின்கட்டுத் தூணில் கட்டி, சைக்கிள் டியூபால் அடித்தார். ரப்பர் தோலில் விழும் சத்தம் தெருவுக்கே கேட்டது. அம்மா நடுவில் போய்த் தன் முழங்கையிலும் ஒன்று வாங்கிக்கொண்டாள். "செத்துருவான், விடுங்க" என்றாள். "சாகட்டும்" என்றார் அப்பா.

வகுப்பில் ஒருவன் இருந்தான். எண்ணெய்க் கடைக்காரர் மகன். அவன் அண்ணனைப் பார்த்தால் தன் மூக்கைத் தானே பிடித்துக்கொண்டு, "அண்ணே, தம்பி கை மெத்துனு இருக்காண்ணே?" என்பான். அண்ணன் அவனைக் குளத்துக்கரையில் மடக்கி, சோற்றுத் தூக்குவாளியால் வாயில் அடித்தான். முன்பல் ஒன்று உடைந்து தொங்கியது. தூக்குவாளி நசுங்கிப்போனது. நசுங்கியதற்கு வீட்டில் தனி அடி. பல் உடைந்தவனின் ரத்தத்தைப் பார்த்து நான் வாந்தியெடுத்தேன். அண்ணன் என் முகத்தைக் குளத்துத் தண்ணீரில் கழுவிவிட்டு, "நீயெல்லாம் எப்படிலே பொழைக்கப் போற" என்றான்.

இப்படிப்பட்டவனுக்கு ஒரு திறமை இருந்தது. ஒருமுறை காதில் விழுந்தது அவனைவிட்டுப் போகாது. தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் வீட்டில் சிலுவைப் பாதை ஜெபம் சொல்வோம். அப்பா புத்தகத்தைப் பார்த்து வாசிக்க நாங்கள் முட்டிபோட்டுப் பதில் சொல்ல வேண்டும். ஒரு வெள்ளியன்று அப்பாவின் கண்ணாடிக் கால் ஒடிந்துவிட்டது. "யார் வாசிக்கிறது?" என்றார். நான் புத்தகத்துக்குக் கை நீட்டுவதற்குள் அண்ணன் ஆரம்பித்துவிட்டான். புத்தகம் இல்லாமல், பதினான்கு நிலைகளையும், அப்பா மூச்சு வாங்குகிற இடத்தில் மூச்சு வாங்கி, ஒரு சொல் பிசகாமல் சொன்னான். அம்மா அழுதாள். அவள் அப்படிச் சந்தோஷமாக அழுது நான் பார்த்ததில்லை.

அப்பா எழுந்து அவனைப் பளாரென்று அறைந்தார்.

"இம்புட்டு மூளைய வச்சுக்கிட்டுத்தான் படிக்க மாட்டேங்குறியா? அப்ப அம்புட்டும் திமிரு."

அதுவரைக்கும் அவருக்குக் கொஞ்சமாவது சந்தேகம் இருந்திருக்கும், பையனுக்கு ஏதும் குறையோ என்று. அன்றோடு அது தீர்ந்தது. முடியாதவன் இல்லை, மாட்டேன் என்கிறவன் என்று முடிவு செய்துவிட்டார். அவர் ஒரு ஆசிரியர். எத்தனையோ பிள்ளைகளுக்கு எழுத்து அறிவித்தவர். ஆனாலும் அந்தக் காலத்தில் அவருக்குத் தெரிந்தது அந்த இரண்டு வகைதான்.

அந்த வருடம் பெரிய வெள்ளிக்கு எங்கள் கோயில் திடலில் சேசுவின் பாடுகளைக் காட்டும் பாஸ்கா நாடகம் போடுவதாக இருந்தது. சொல்லிக்கொடுத்தவர் கோயிலில் ஞானோபதேசம் சொல்லித்தரும் உபதேசியார். அவர் வசனத்தை வாசிக்க, நடிப்பவர்கள் திருப்பிச் சொல்வார்கள். சேசுவின் தலைமைச் சீடர் இராயப்பரின் வேடத்துக்கு வந்தவர் ஆலை வேலைக்கு ஷிப்டு மாறிப் போய்விட்டார். வேடிக்கை பார்க்க வந்த அண்ணன் ஓரத்தில் நின்று இராயப்பரின் வசனம் முழுவதையும் சொன்னான். உபதேசியார் அவன் முகத்தில் ஒரு தாடியை வைத்துப் பார்த்துவிட்டு, "நீதான்டா இராயப்பரு" என்றார். எனக்குத் தலைமைக் குருவின் ஊழியன் வேடம். விளக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, இராயப்பரின் வாளால் காதில் வெட்டுப்பட்டு, அலறி விழ வேண்டும். வசனம் கிடையாது.

ஒத்திகையில் சேவகர்கள் சேசுவை அறையும் காட்சியை உபதேசியார் இப்படிச் சொல்லிக்கொடுத்தார்: "கன்னத்துல காத்துதான் படணும். சத்தம் அடி வாங்குறவன் கையிலிருந்து வரணும்." அடி வாங்குபவர் கட்டிய கைகளைத் தட்டி, அதே நேரத்தில் முகத்தைத் திருப்ப வேண்டும். அன்று வீடு திரும்பும்போது அண்ணன் என்னை நிறுத்தி, தெருவிளக்கின் கீழ் பழக்கினான். நான் மூக்கைப் பிடித்து வீச வேண்டும். அவன் இடுப்புக்குக் கீழே கையைத் தட்டி முகத்தைத் திருப்புவான். திரும்பத் திரும்பச் செய்து சரியாக வந்ததும் இருவரும் சிரித்தோம்.

அதன்பிறகு வகுப்பில் அவன் மையைக் கொட்டவில்லை. வாசிக்கச் சொன்னால் எழுந்து நின்றான். நான் போய் மூக்கைப் பிடித்து வீசினேன். பெஞ்சுக்கு அடியில் அவன் கை தட்டியது. வாத்தியார் மேசையிலிருந்து தலையை ஆட்டினார். அண்ணன் கண்ணோரத்தில் என்னைப் பார்த்து லேசாகச் சிரிப்பான். எங்கள் பிள்ளைப் பருவத்தில் நாங்கள் அண்ணன் தம்பியாக இருந்த நாட்கள் அவைதான்.

பல் உடைந்தவன் அதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். ஒருநாள் எழுந்து, "சார், அவன் அடிக்கல சார். இவன் கை தட்டுறான்" என்றான்.

வாத்தியார் கெட்டவர் இல்லை. இளவயது. எனக்குப் பென்சில் வாங்கிக் கொடுத்தவர். ஆனால் ஏமாற்றப்பட்டோம் என்றதும் அவர் முகம் வெளுத்தது. அண்ணனை முன்னால் கூப்பிட்டு, "ரெண்டு கையையும் தலையில வை" என்றார். என்னிடம், "இப்ப அடி. நான் பாக்குறேன்" என்றார்.

மெதுவாக அடித்தேன். என் கெண்டைக்காலில் விளாறு விழுந்தது. வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் அடி. மறுபடி அடித்தேன். மறுபடி விளாறு. அண்ணன் மெல்ல, "அடிலே. பரவால்ல" என்றான்.

இந்த இடத்தில் பயத்தின்மேல் பழியைப் போட்டுவிட்டுப் போகலாம். இத்தனை வருடம் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். அது முழு உண்மை இல்லை. முந்தின நாள் மாலை ஒத்திகையில் உபதேசியார் எல்லார் முன்னாலும், "தம்பிக்காரன் படிச்சு ஒப்பிக்கிறது என்ன பெருசு? அண்ணன்காரன் கேட்டே ஒப்பிக்கிறான்" என்று சொல்லியிருந்தார். அது என் நெஞ்சில் முள்ளாகக் கிடந்தது. படிப்பில் முதல் நான். அவனுக்கென்று இருந்த ஒரே ஒரு இடத்திலும் நான் இரண்டாவதாக நிற்பது எனக்குப் பொறுக்கவில்லை. அந்த "பரவால்ல" என்ற சொல் எனக்கு இரக்கம் காட்டுவதுபோல் இருந்தது. கையைப் பின்னுக்குக் கொண்டுபோய், என் பலம் எல்லாம் சேர்த்து, உள்ளங்கை குழிந்தபடி வீசினேன். கன்னத்தில் விழவில்லை. இடது காதின்மேல் மூடினாற்போல் விழுந்தது. ஊதி அடைத்த காகிதப் பை உடைவதுபோல ஒரு சத்தம்.

அண்ணன் கத்தவில்லை. யாரும் சொல்லாமலே அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

"இப்படித்தான் அடிக்கணும்" என்றார் வாத்தியார்.

மாலையில் குளத்துக்கரையில் அவன் தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தான், காதில் தண்ணீர் புகுந்தால் செய்வதுபோல. விரலை விட்டு எடுத்தபோது நுனியில் ரத்தம் இருந்தது.

"உள்ள குளவி கத்துறாப்புல இருக்குலே" என்றான். "ஆஸ்பத்திரிக்குப் போகணும் போல. அப்பாகிட்ட நீ சொல்றியா?"

"நீயே சொல்லேன்."

"நான் சொன்னா நடிக்கிறேன்பாரு. நீ சொன்னாத்தான் நம்புவாரு."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன்.

மறுநாள் சொல்லவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. சொன்னால், எதற்காக அவ்வளவு பலமாக அடித்தாய் என்ற கேள்வி வரும். அப்பா என்னைப் பார்க்கிற பார்வை மாறும். அந்தப் பார்வைதான் அந்த வீட்டில் எனக்குச் சோறு. அதை இழக்க எனக்கு மனம் வரவில்லை.

அம்மா, கிணற்றில் குதித்ததால் வந்த காதுவலி என்று நினைத்து, பூண்டு காய்ச்சிய நல்லெண்ணெயைச் சூட்டோடு விட்டாள். சீழ் பிடித்தது. இரவில் அவன் தலையணையில் நாற்றம் வந்தது. நான் மறுபக்கம் திரும்பிப் படுத்தேன். அப்பா இடப்பக்கமிருந்து கூப்பிட்டால் அவன் திரும்புவதில்லை. "கூப்புடறது காதுல விழல? அம்புட்டுத் திமிரு?" என்று செருப்பால் அடித்தார். அடி விழும்போதெல்லாம் அண்ணன் என்னைப் பார்ப்பான். நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். ஒருநாளும் அவன் வாய் திறந்து கேட்கவில்லை. பார்ப்பதோடு சரி.

பெரிய வெள்ளி மாலையில் திடலில் கூட்டம் நிரம்பியிருந்தது. வடமதுரைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்தெல்லாம் மாட்டுவண்டியில் வந்திருந்தார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்குகள் இரைந்தன. அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அண்ணனுக்குக் காய்ச்சல். மைதா பசையில் ஒட்டிய தாடிக்கு மேலே கண்கள் சிவந்திருந்தன. கடைசி இராவுணவுக் காட்சியில் சேசு அவனுக்கு இடப்பக்கம் உட்கார்ந்து பேசினார். பேசி முடித்தது அவனுக்குக் கேட்கவில்லை. பதில் சொல்லாமல் சும்மா இருந்தான். உபதேசியார் திரைக்குப் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்தார். அதுவும் இடப்பக்கம். கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. பல் உடைந்தவன் எங்கிருந்தோ, "இராயப்பருக்கு வாசிக்கத் தெரியாதாம்" என்று கத்தினான். சிரிப்பு பெரிதானது. அண்ணனுக்கு அது நன்றாகவே கேட்டிருக்க வேண்டும். அப்பா தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்தது சேசுவைப் பிடிக்க வரும் தோட்டக் காட்சி. நான் விளக்கைத் தூக்கிக்கொண்டு சேவகர்களோடு போனேன். அண்ணன் வாளை உருவினான். மரத்தில் செய்து சிகரெட் அட்டையின் வெள்ளித்தாள் ஒட்டிய வாள். அது என் காதருகே காற்றில் போக வேண்டும், நான் அலறி விழ வேண்டும். நான் அவன் கண்களைப் பார்த்தேன். வாள் என் காதின்மேல் விழுந்தது. உண்மையாகவே அலறினேன். விழுந்தவன்மேல் மறுபடி விழுந்தது. தோளில், முதுகில், தடுத்த கையில். வெள்ளித்தாள் பறந்தது. கூட்டம் நடிப்பு என்று நினைத்துக் கைதட்டியது. வாள் இரண்டாக உடைந்த பிறகும் மிச்சத்தால் அடித்தான். சேசுவாக நடித்தவர்தான் ஓடிவந்து அவனைக் கட்டிப்பிடித்து இழுத்தார்.

திரைக்குப் பின்னால் அப்பா அவன் தாடியைப் பிடித்து இழுத்தார், தோலோடு வந்தது. உடைந்த வாள் அவர் கையில் இருந்தது. அவன் தலையில், முகத்தில், விழுந்த இடமெல்லாம் அடித்தார். "எதுக்குடா அடிச்ச? சொல்லு. தம்பி உன்னய என்னடா செஞ்சான்?"

அண்ணன் என்னைப் பார்த்தான்.

அம்மா முந்தானையால் என் காதை ஒற்றிக்கொண்டிருந்தாள். தோல் கிழிந்திருந்தது, அவ்வளவுதான். அப்பா அடிப்பதை நிறுத்திவிட்டு என் பக்கம் திரும்பினார். மூச்சிரைக்க, "நீ ஏதும் செஞ்சியாப்பா அவன?" என்று கேட்டார். அவர் குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது. கேட்டது ஒரே ஒரு கேள்வி. பதில் என் வாய்க்குள்தான் இருந்தது.

"நான் ஒண்ணும் செய்யலப்பா" என்றேன்.

அப்பா மறுபடி அவன் பக்கம் திரும்பினார்.

சேசுவை எனக்குத் தெரியாது என்று இராயப்பர் மறுதலிக்கும் காட்சியை அந்த வருடம் போடவில்லை. வசனம் தெரிந்தவர் வேறு யாரும் இல்லை.

உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் அண்ணனை அய்யலூரில் இருந்த தாய்மாமனிடம் அனுப்பிவிட்டார்கள். மாமா சந்தையில் ஆட்டு வியாபாரம். அண்ணனுக்கு இடது காது அடியோடு போய்விட்டது. எத்தனையோ மாதம் கழித்து மாமா மதுரைக்குக் கூட்டிப்போனபோது, முன்பே கொண்டுவந்திருக்கலாமே என்றாராம் டாக்டர். நான் கல்லூரி வரை படித்தேன். கல்லூரியிலேயே வேலை பார்த்து ஓய்வுபெற்றேன். அங்கே யாரையும் அடித்ததில்லை. அதை ஒரு பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது என் மகளின் பையனுக்கு வாசிக்க வரவில்லை. சொல்லச் சொன்னால் எல்லாம் சொல்கிறான், எழுத்தைப் பார்த்தால் வேர்க்கிறான். டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார். அவன் பள்ளியில் கேள்வியை வாசித்துக் காட்டுகிறார்கள், கூடுதல் நேரம் கொடுக்கிறார்கள். அவனும் கேலிக்கு அழுகிறான், சண்டை போடுகிறான், வயிற்றுவலி என்று படுத்துக்கொள்கிறான். "நம்ம குடும்பத்துல யாருக்காச்சும் இருந்துச்சாப்பா?" என்று மகள் கேட்டாள். எழுந்துபோனேன். அந்த வாரமே அண்ணனைப் பார்க்கக் கிளம்பினேன்.

அண்ணன் வடமதுரைக்கு வெளியே மகனோடு இருக்கிறான். வாசலில் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். அவனுக்குப் பின்னால் பட்டியில் ஆடுகள். அவனுக்கு வலப்பக்கமாக இன்னொரு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, எல்லாவற்றையும் சொன்னேன். காகிதப் பை சத்தம், உபதேசியார் சொன்ன சொல், திரைக்குப் பின்னால் நான் சொன்ன பொய், பேரனுக்கு டாக்டர் சொன்ன பெயர். உனக்கு இருந்தது திமிர் இல்லை என்றேன்.

"திமிரு இல்லைன்னு எனக்குத் தெரியாதாலே?" என்றான்.

பிறகு, "அப்பா கடைசி மாசம் உங்கிட்டத்தான இருந்தாரு?" என்று கேட்டான்.

"ஆமாண்ணே."

"நெனவோடதான இருந்தாரு?"

"நெனவு தப்பல."

"அப்பவும் சொல்லல."

"இல்லண்ணே."

அவன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். "காது கெடக்கு, அது போனா போகுது. நான் உன் வீட்டுக்குக் கஞ்சி கொண்டாந்து குடுக்கும்போது என்ன கேட்டாரு தெரியுமா? 'இப்பவாச்சும் திமிரு அடங்குச்சாடா?'ன்னு கேட்டாரு. ஆமாப்பான்னேன். அதக் கேட்டுட்டுத்தான் செத்தாரு."

நான் அவன் கையைப் பிடித்தேன். "அண்ணே, நான் அப்ப..." என்று தொடங்கினேன்.

அவன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். எழுந்து நாற்காலியைத் திருப்பிப் போட்டு, இடது காது என் பக்கம் இருக்கும்படி உட்கார்ந்துகொண்டு, ஆடுகளைப் பார்க்க ஆரம்பித்தான். நான் சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தேன்.